பத்துக் குப்பி

அண்ணே,

பள்ளிக்கூடச் சுவரில் நீங்கள் வரைந்த செந்தலைப் பாறு கழுத்துப் பக்கம் உரிந்துவிட்டது, போன மழையில். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பாறு கழுகு தினம் வருகிறதே, அண்ணன் வருவாரா என்று பையன்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். திருப்பூரில் ஃப்ளெக்ஸ் கடையில் இருக்கிறவர் எங்கே வரப்போகிறார் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான்.

அந்தச் சிவப்பைக் கலக்கியது நான். "ரத்தச் சிவப்பு வேண்டாம்டா, கொஞ்சம் காவி போடு, அது உயிரோடு இருக்கிற தோல்" என்று மூன்று தடவை கொட்ட வைத்தீர்கள். தலை முடிகிற நேரத்தில்தான் அம்மா ஆளனுப்பினாள், மாடு எழுந்திருக்கவில்லை என்று.

டைக்ளோஃபெனாக் வலி ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறும் சாகும், அதனால் மாட்டுக்கு அது 2006லேயே தடை, மாட்டுக்குப் போய்விடக் கூடாதென்று மனிதர்களுக்கான ஊசி மருந்தும் 2015லிருந்து 3 மில்லி குப்பியில்தான் என்று அந்தச் சுவரில் எழுதியவனே நான்தானே. பாறுகளுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் தேடினேன் அண்ணே, கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு. பத்துச் சின்னக் குப்பி சேர்ந்தால் பழைய பெரிய குப்பிதான் என்று எடுத்து வைத்தார் ஒருத்தர். யார் என்று இங்கே எழுத மாட்டேன், படிக்கிறவர்களில் நம்ம ஊர்க்காரர்களும் உண்டு. மாடு கத்திய கத்தலை நீங்கள் கேட்கவில்லை. போட்டுவிட்டேன். விடிவதற்குள் செத்தும் போனது.

உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்கள் அதைத் தெரு நாடகத்தில் வைத்தீர்கள். குப்பிகளை மாலையாகப் போட்டுக்கொண்டு ஒருத்தன் வருகிறான், ஊரே சிரிக்கிறது, அம்மா முன்வரிசையில். தம்பி தம்பி என்று கூப்பிட்டவனைக் காட்டிக்கொடுத்துத்தான் பாறுகளைக் காப்பாற்ற வேண்டுமா? மூன்று வருஷம் பேசாததற்கு அதுதான் காரணம், வேறில்லை.

வேறும் உண்டு. ஆழமாகப் புதைத்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னேனே, குழி முழங்காலளவுதான். தனியாள், அடியில் பாறை. இரண்டாம் நாள் பன்றி கிளறிவிட்டது. நான் கல்லோடு ஓடும்போது வெண்முதுகுப் பாறுகள் ஐந்து எழும்பிப் பறந்தன, தின்றதா இல்லையா, தெரியாது. சிறுநீரகம் கெட்டுத் தலை தொங்கி விழுமே, மாயாற்றங்கரை நீர்மருது மரங்களடியில் ஒரு வாரம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் நிம்மதியும் கிடைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரே முட்டை இடுகிற பறவை, அண்ணே.

சரி, இந்தத் தடவை அந்தக் குப்பி மாலையை நான் போட்டுக்கொள்கிறேன். வசனமும் எழுதியாகிவிட்டது, குழியின் ஆழம் வரைக்கும். கழுத்தை மட்டும் தொடவில்லை, அந்தச் சிவப்பு எனக்கு வரமாட்டேன் என்கிறது. உங்கள் பிரஷ்ஷை அம்மா மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறாள்.