படத்துக்கு வெளியே நிற்கும் மரம்

குரோய்டன், லண்டன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் மருத்துவர் வெயிலும் தூசியும் ஆகாது என்று சொல்லிவிட்டாராம், நீயும் உடனே ஈசலை, அதுதான் உன் ஓவியத் தாங்கியை, பரண் மேல் ஏற்றிவிட்டாயாம். அவர் சொன்னது வெளியே போகாதே என்றுதானே? வரையாதே என்று யார் சொன்னது?

நான் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதுதான் என் உத்தியோகம். மற்ற நேரத்தில் மழையை வேடிக்கை பார்க்கிறேன். போன வாரம் ஒருநாள் தப்பித்து நேஷனல் கேலரிக்குப் போனேன். அங்கே ஒரு சிறிய படம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. மெல்லிய பனி விழுந்த ஒரு தெரு வளைந்து போகிறது, ஓரங்களில் வீடுகள், நடந்து போகும் நாலைந்து பேர். பெயர் ‘ஃபாக்ஸ் ஹில், அப்பர் நார்வுட்’, வருடம் 1870, வரைந்தவர் கமீல் பிசாரோ. அந்த இடம் மகள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்! மறுநாளே போய்ப் பார்த்தேன். பனி இல்லை, கார்கள் நிற்கின்றன. ஆனால் தெரு அதே பெயரோடு அதே சரிவில் இறங்குகிறது.

அந்தக் காலப் பிரெஞ்சு ஓவியர்களில் மோனேயைத்தான் நமக்குத் தெரியும். பிசாரோவை நாம் இருவரும் சரியாகப் பார்த்ததே இல்லை. 1830இல் கரீபியன் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் பிறந்தவர். அப்போது அது டென்மார்க்கின் வசம் இருந்தது. அப்பாவின் கடைக் கணக்கை உதறிவிட்டு, ஃப்ரிட்ஸ் மெல்பி என்ற டேனிஷ் ஓவியரோடு வெனிசுவேலாவுக்குப் போனார். 1855இல் பாரிஸ் வந்தார். அங்கே இயற்கைக் காட்சி ஓவியர் கோரோவின் அறிவுரை கிடைத்தது. 1860களின் நடுவில் அரசுக் கண்காட்சியான சலோனின் பட்டியலில் தன்னைக் கோரோவின் மாணவர் என்றே பதிந்துகொண்டார். ஆனால் கோரோ வெளியே குறிப்புப் படம் வரைந்து வந்து, பெரிய படத்தை அறைக்குள் வைத்து முடிப்பவர். சீடருக்கு அது ஒத்துவரவில்லை. வயலில் தொடங்கியதை வயலிலேயே முடிக்க வேண்டும் என்று நின்றார்.

வண்ணம் ட்யூபில் வந்திராவிட்டால் இந்தப் பிடிவாதம் நடந்திருக்காது. 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நாம் காவிரிப் படித்துறைக்கு சைக்கிள் மிதித்திருப்போமா, சொல்!

அவருடைய மாற்றம் ஒரே நாளில் நடந்ததில்லை. அறுபதுகளில் வரைந்த, பாரிஸுக்கு அருகிலுள்ள பொந்துவாஸ் ஊரின் மலைச்சரிவுகளில் மண்ணும் பச்சையும் கனத்துக் கிடக்கின்றன. சில இடங்களில் கத்தியால் அப்பியிருக்கிறார். பிறகு பிரான்சும் பிரஷ்யாவும் மோதிய 1870 போர். பிரஷ்யப் படை நெருங்கியதும் பாரிஸுக்குப் பக்கத்து லூவ்சியேன் ஊரில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு இங்கே ஓடிவந்தார். மோனேயும் அப்போது லண்டனில்தான் இருந்தார். இருவரும் டர்னர், கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர்களின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். பிசாரோ தம் துணைவி ஜூலியைச் சட்டப்படி மணந்துகொண்டதும் 1871இல் இந்தக் குரோய்டனில்தான். திரும்பிப் போனால் வீட்டில் படைவீரர்கள் தங்கியிருந்திருக்கிறார்கள். தோட்டத்துச் சேற்றில் கால் படாமல் நடக்க அவருடைய கித்தான்களை விரித்திருக்கிறார்கள். பாரிஸ் வந்த நாள் முதல் வரைந்ததில் பெரும்பகுதி போய்விட்டது. நாற்பது வயதைத் தாண்டிய மனிதர். மறுபடியும் ஈசலைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார்.

அந்த வயலில் பிறந்த படங்களில் ஒன்று 1873இன் ‘வெண்பனி’. உழுத நிலம், விறகு சுமந்து போகும் ஒரு கிழவர், காலை வெளிச்சம். 1874இல் நண்பர்கள் சேர்ந்து நடத்திய முதல் கண்காட்சியில் அதை வைத்தார். லூயி லெராய் என்ற பத்திரிகையாளர் தம் கேலிக் கட்டுரையில், அழுக்குக் கித்தானில் வண்ணத்தட்டைச் சுரண்டி அப்பியது போல இருக்கிறது என்று ஒரு பாத்திரத்தைச் சொல்ல வைத்தார். அந்தக் கட்டுரையிலிருந்துதான் இந்த ஓவியர் கூட்டத்துக்கு ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது கஸ்தான்யாரி என்ற விமர்சகரின் குற்றச்சாட்டு. அவர் இந்தக் கூட்டத்துக்கு அனுதாபி. அவருக்கே பொறுக்கவில்லை: வயலில் நீள நீளமாக நிழல் விழுகிறதே, அந்த மரங்கள் எங்கே? படத்துக்கு வெளியே நிற்கும் மரத்தின் நிழலை வரையலாமா? வயலில் நின்று பார்த்தவனுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. நிழல் அங்கே இருந்தது, வரைந்தார்.

எண்பதுகளில் நான்கைந்து வருடம் சூரா என்ற இளம் ஓவியரின் பின்னால் போய்ப் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தார். வெளிச்சம் ஓடும் வேகத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று விட்டுவிட்டார். நல்லவேளை என்பேன் நான்.

நீ கேட்க வேண்டியது இனிமேல்தான். அறுபதை நெருங்கும்போது அவருக்குக் கண்ணில் நோய் வந்தது. கண்ணீர் வடியும் குழாயில் சீழ் கோத்துக்கொள்ளும். காற்றும் தூசியும் பட்டால் கூடும். வெளியே நிற்க முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஓட்டலில் மாடி அறை எடுத்தார். ரூவான் நகரில் பாலங்கள், 1897இல் பாரிஸின் மோன்மார்த்ர் அகன்ற சாலை. ஒரே ஜன்னல், ஒரே சாலை, பதினான்கு படங்கள்: காலை, பனி, மழை, திருவிழாக் கூட்டம். இரவுக் காட்சி ஒன்றே ஒன்று. அதுவும் நேஷனல் கேலரியில்தான் இருக்கிறது. ஈரத் தரையில் விளக்குகள் கரைந்து வழிகின்றன. கையெழுத்துப் போடவில்லை, உயிரோடு இருந்தவரை அதைக் காட்சிக்கும் வைக்கவில்லை. 1903இல் இறக்கும்வரை ஜன்னலோரம் நின்று வரைந்துகொண்டுதான் இருந்தார்.

பங்குனியில் ஊர் திரும்புகிறேன். உனக்கு இங்கிருந்து இரண்டு பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன், விலையைக் கேட்காதே. உன் மாடி அறை ஜன்னல் கிழக்குப் பார்த்ததா? எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் நாலு மணிக்கு உங்கள் வேப்பமரத்தின் நிழல் விழுமே, அதை ஒருநாள் வரைந்து அனுப்பு. மரம் வேண்டாம்.

உன்,
பழைய படித்துறைத் தோழன்