மெடிக்கலில் யாரும் பார்க்காத பல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் விசாவுக்காகச் செய்துகொள்ளும் மருத்துவப் பரிசோதனையை எங்கள் ஊரில் ‘மெடிக்கல்’ என்ற ஒரே சொல்லால் குறிப்போம். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். இரத்தத்தில் எய்ட்ஸ், மஞ்சள்காமாலைக் கிருமிகள் உள்ளனவா என்று பார்ப்பார்கள். கண், காது தொடங்கிக் குடலிறக்கம் வரை சோதிப்பார்கள். இந்த மெடிக்கலில் நான் மூன்று முறை தேறியிருக்கிறேன். மூன்று முறையும் என்னை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. குமரி மாவட்டத்திலிருந்து கடல் கடந்து போகும் ஒவ்வொருவருக்கும் புறப்படும் முன்பே பல் பரிசோதனை நடந்தாக வேண்டும் என்று அரசையும், முகவர்களையும், குடும்பத்தாரையும் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கருங்கல் பக்கத்தைச் சேர்ந்தவன். சவூதி அரேபியாவில் ஜுபைல் நகரில் குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். இரண்டாம் முறை விடுப்பில் வந்திருந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒரு பல் மருத்துவர் என் இடது பக்கக் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லைப் பார்த்துவிட்டு, அது பாதி வெளியே வந்து பாதி ஈறுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதாகவும், வலி இல்லாத இந்த நேரத்திலேயே எடுத்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். பயணச் சீட்டில் இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. வலிக்காத பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். நானும் அதையே நினைத்தேன்.

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நோன்பு நாட்களில், அந்தப் பல் தன் வேலையைக் காட்டியது. முதல் நாள் ஈறு தடித்தது. இரண்டாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. நோன்பு மாதத்தில் அங்குள்ள மருத்துவமனைகளின் நேரம் மாறிவிடும். பகலெல்லாம் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு பாலிகிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

நம் மொழியில் பல் வலிக்குத்தான் எத்தனை சொற்கள்! குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்போம். கடிக்கும்போது சுருக்கென்று குத்துகிறது என்போம். தாடை முழுவதும் கடுக்கிறது என்று சொல்வது வேறு. இரவில் படுத்தவுடன் விண்விண்ணென்று தெறிக்கிறது என்று சொல்வது வேறு. ஊரில் உள்ள மருத்துவர் இவற்றில் ஒரு சொல்லைக் கேட்டவுடனேயே பல்லின் மேற்பூச்சு தேய்ந்திருக்கிறதா, உள்ளே சீழ் கோத்திருக்கிறதா என்று பாதி ஊகித்துவிடுவார். அன்று என் கையில் இருந்தவை ‘பெயின்’ என்ற ஓர் ஆங்கிலச் சொல்லும், ‘வஜா’ என்ற ஓர் அரபுச் சொல்லும் மட்டுமே. எகிப்து நாட்டைச் சேர்ந்த அந்த மருத்துவர் பொறுமையானவர், நல்லவர். ஆனாலும் அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை, நான் சொன்னது அவருக்குப் போதவில்லை.

அங்கிருந்த கேரளச் செவிலியர் ஒருவர்தான் இடையில் நின்று உதவினார். கடைவாய்ப் பல்லை எங்கள் பக்கத்தில் ‘அணப்பல்லு’ என்போம். அவருக்கும் அதே சொல்தான். எத்தனை நாளாக வலி, காய்ச்சல் உண்டா, சர்க்கரை உண்டா, எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று அவர் மலையாளத்தில் கேட்டபோதுதான், சிறுவயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போன செய்தி எனக்கு நினைவுக்கு வந்தது. மருத்துவர் அதற்குள் அமாக்சிசிலின் என்று எழுதி முடித்திருந்தார். அது பென்சிலின் குடும்பத்து மருந்து. அதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மேற்குக் குமரிக்காரனாகிய எனக்கு மலையாளம் விளங்கியது. என் அறையிலிருந்த இராமநாதபுரத்துக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி என்ற எக்ஸ்ரே எடுத்தார்கள். நேராக நிற்க வேண்டிய ஞானப்பல், முன்னால் இருந்த பல்லின் மேல் தலையைச் சாய்த்துப் படுத்துக் கிடந்தது. அதன் வேருக்கு அடியில் இரண்டு மெல்லிய வெண்கோடுகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவேதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது என்று மருத்துவர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். வீக்கம் வடிந்த பிறகு, அறுவை செய்து எடுக்க வேண்டும் என்றார். அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த ஒப்புதல் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். உதடு மரத்துப்போகலாம் என்று அதில் இருந்த வரியை அந்தச் செவிலியர் படித்துச் சொல்லியிராவிட்டால், அதை அறியாமலேயே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு காத்திருந்தது பதினோரு நாள். சவூதியில் தனியார் நிறுவன ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை. எனக்கும் இன்சூரன்ஸ் கார்டு இருந்தது. ஆனால் அந்தக் கார்டுகளில் வகுப்புகள் உண்டு. பல் சிகிச்சைக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் வகுப்புக்கேற்ப மாறும். சாதாரணமாகப் பல் பிடுங்குவதற்கு உண்டு, அறுவை செய்து எடுப்பதற்கு முன் அனுமதி வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். அனுமதி கேட்டு அனுப்பினால் விவரம் போதாது என்று திரும்பி வந்தது. கடைசியில் ஒரு பகுதிக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கையிலிருந்து போனது. பணத்தைவிட அந்தப் பதினோரு நாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேலையில் சேரும் நாளில் அந்தக் கார்டின் பல் பகுதியை யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால், எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

அறுவை ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நடந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. ஆனால் எலும்பைக் குடைந்து, பல்லை இரண்டாக அறுத்து எடுக்கும் ஓசை காதுக்கு வெளியிலிருந்து வராமல் மண்டைக்கு உள்ளிருந்தே கேட்டது. மூன்று தையல். மறுநாள் காலை குறும்பனையைச் சேர்ந்த அறை நண்பர் சம்பா அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவைத்துக் கொண்டுவந்து தந்தார். இரண்டு கரண்டி குடித்திருப்பேன். கஞ்சி உதட்டோரம் வழிந்து மோவாயில் இறங்கிச் சட்டையில் சொட்டியது எனக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த அவர் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டபோதுதான் தெரிந்தது. ஊசியின் மரப்பு முந்தின நாளே தீர்ந்திருக்க வேண்டும். நரம்பு உரசப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். நான்கு மாதத்தில் பெரும்பகுதி சரியாயிற்று. இடது மோவாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்றும் உணர்வு இல்லை.

இதற்கு நான் அந்த மருத்துவரைக் குறை சொல்லவில்லை. நரம்புக்கு அருகில் கிடக்கும் பல்லில் இது எந்த ஊரிலும் நேரக்கூடியது. இருபது, இருபத்திரண்டு வயதில் வேர் முழுதாக வளராமலும் எலும்பு கெட்டிப்படாமலும் இருக்கும்போது எடுத்திருந்தால் ஆபத்து குறைவாக இருந்திருக்கும். எனக்கு அப்போது வயது 34. இரண்டு நாள் விடுப்பே கிடைத்ததால் மூன்றாம் நாளே கொளுத்தும் வெயிலில் வேலைக்கு ஏறினேன். நான்காம் நாள் காதுவரை வலி பாய்ந்தது. பல் எடுத்த குழியில் உறைந்து நிற்க வேண்டிய இரத்தக்கட்டி விலகி, எலும்பு வெளியே தெரிந்துவிட்டால் இப்படி வலிக்குமாம். மீண்டும் கிளினிக், மீண்டும் மருந்து வைத்தல், மீண்டும் ஒரு நாள் சம்பளம்.

ஒரு முகாமில், நகரத்துக்கு அருகில் இருந்த எனக்கே இந்தப் பாடு. குளச்சல், முட்டம், இனயம், தூத்தூர் என்று எங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போய் மீன்பிடிக்கும் சகோதரர்கள் பல நாட்கள் கரையைப் பார்க்காமல் படகிலேயே தங்குகிறவர்கள். பல் வலி வந்தால் கிராம்பும் உப்புத் தண்ணீரும், யாரிடமாவது மிச்சமிருக்கும் மாத்திரையும்தான் அவர்களுக்கு வைத்தியம். என் நண்பரின் உறவினர் ஒருவர் அப்படி ஆறு நாள் கடலிலேயே தாங்கிக்கொண்டிருந்துவிட்டு, மோவாய்க்குக் கீழே கழுத்துவரை வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுவிட்ட நிலையில் கரைக்குக் கொண்டுவரப்பட்டார். பல்லின் அடியில் தொடங்கும் சீழ் வாயின் அடித்தளத்துக்குப் பரவினால் மூச்சுக் குழாயையே அடைத்துவிடும். அவர் பிழைத்தார். பல் வலியால் யாரும் சாவதில்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது, அது தவறு.

குடியேற்றச் சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டுடன் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. விபத்தில் இறந்தாலும் நிரந்தர ஊனமுற்றாலும் 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும் நல்ல திட்டம் அது. ஆனால் அதன் மருத்துவ உதவி, மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பல் எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவனுக்கு அதனால் பயனில்லை. துபாயில் குறைந்த சம்பளக்காரர்களுக்கான அடிப்படைக் காப்பீட்டிலும் பல் சிகிச்சை அவசர நிலைக்கு மட்டுமே. எனவே பல்லைப் பொறுத்தவரை, ஊரிலேயே பார்த்துவிட்டுப் போவதைத் தவிர ஏழைத் தொழிலாளிக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

பார்த்துவிட்டுப் போவது என்றால் புறப்படும் முந்தின நாள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவது அல்ல. அப்படி ஏறி, வாயில் பஞ்சைக் கடித்தபடி இரத்தத்தை விழுங்கிக்கொண்டே பயணம் செய்தவரை நான் பக்கத்து இருக்கையில் பார்த்திருக்கிறேன். ஞானப்பல்லை அறுவை செய்து எடுப்பதானால் தையல் பிரித்து, புண் ஆறியதை மருத்துவர் ஒருமுறை பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். விடுப்பில் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே பல் மருத்துவரிடம் போக வேண்டும். பலரும் கல்யாணம், வீட்டுவேலை, கோயில், குருசடி எல்லாம் முடித்துக் கடைசி வாரத்தில்தான் போகிறார்கள். பல் கட்டுவதற்கு எலும்பில் திருகு பதிப்பவர்களுக்கு அது எலும்போடு சேர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்பதால், ஒரு விடுப்பில் பதித்து மறு விடுப்பில் அதன் மேல் செயற்கைப் பல் வைப்பதாகத் திட்டமிட வேண்டும். மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வலிக்கு என்று டிராமடால், கோடீன் கலந்த மாத்திரைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி போன்ற நாடுகளில் அவை கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகள். மருந்துச் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் பிடிபட்டால் சிறை வரை போகும்.

ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாளாவது விசா கையிலுள்ளவர்களுக்கென்று அங்கு ஒரு பல் பரிசோதனை வரிசையை மாவட்ட நிர்வாகம் ஏற்படுத்த வேண்டும். கடற்கரை ஊர்களுக்குத் தேவாலயங்களின் பங்குப் பேரவைகளின் உதவியோடு முகாம்களாகவே கொண்டுபோகலாம். பயணத்துக்கு முன் தரப்படும் ஒருநாள் பயிற்சியில் காப்பீட்டுக் கார்டைப் படிப்பது எப்படி என்பதையும் சேர்க்க வேண்டும். அயலகத் தமிழர் நலத்துறையை நான் குறிப்பாகக் கேட்பது, தமிழ், அரபி, ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்ட ஒரு சிறு மருத்துவ அட்டை. தனக்குள்ள நோய், சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை அதில் மருத்துவரே குறித்துத் தரவேண்டும். கூசுகிறது, குத்துகிறது, கடுக்கிறது, தெறிக்கிறது என்ற சொற்களும் அதில் இருக்க வேண்டும். விரலை வைத்துக் காட்டினால் போதும். பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல இது.

என் அக்காள் மகனுக்கு 23 வயது. கத்தாரில் வேலை கிடைத்து, சென்ற மாதம் மெடிக்கல் தேறினான். வலி ஒன்றும் இல்லை மாமா என்று சொன்னவனை நானே வற்புறுத்தி மார்த்தாண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். கீழே வலப்பக்கம் ஒரு பல், என்னுடையதைப் போலவே படுத்துக் கிடந்தது. முகவரிடம் பேசிப் பயணத்தைப் பத்து நாள் தள்ளிவைத்து, போன செவ்வாய்க்கிழமை அதை எடுத்தாயிற்று. வரும் செவ்வாய் தையல் பிரிக்கிறார்கள்.

இங்ஙனம்,
கருங்கல் வாசகர் ஒருவர்,
குமரி மாவட்டம்.