ஒருநாள் வகுப்போடு கணக்கை முடித்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வன்முறை பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம், பள்ளி என எல்லா இடங்களிலும் வேலை செய்பவர்களுக்கு ஒருநாள் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதோடு வேலை முடிந்தது என்று நிர்வாகங்கள் கையைக் கழுவிவிடும், அதுதான் என் பயம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஒருநாள் வகுப்புகளில் உட்கார்ந்தவள். காலையில் புள்ளிவிவரம், மதியம் சட்டம், மாலையில் சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குரூப் போட்டோ. அப்புறம் வேலையில் இருந்துகொண்டே இதே துறையில் முதுநிலைப் பட்டயப் படிப்பும் முடித்தேன். அந்தப் படிப்பில் என்ன கிடைக்கிறது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கழுத்து விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் இரவில் வருகிறார். முழங்கையில் சிராய்ப்பு. "படியில வழுக்கி விழுந்துட்டா சிஸ்டர்" என்று கூட வந்த கணவர் சொல்கிறார். அந்தப் பெண் பேசினால் குரல் கம்மியிருக்கிறது. எச்சில் விழுங்கும்போது முகம் சுளிக்கிறார். கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நெரிக்கப்பட்ட கழுத்தில் வெளியே எந்தத் தடயமும் தெரியாமல் போவது சர்வசாதாரணம். உள்ளே ரத்தக் குழாயின் சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். கணவனோ துணைவனோ முன்பு ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவன் கையாலேயே அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. முழங்கைக்கு மருந்து போட்டு அனுப்பிவிட்டால் கேஸ் ஷீட்டில் 'கீழே விழுந்தது' என்று மட்டும்தான் இருக்கும்.

இதெல்லாம் ஒருநாள் வகுப்பிலும் வரும், ஒரே ஒரு ஸ்லைடாக. நைட் டியூட்டியில், பக்கத்துக் கட்டிலில் விபத்தில் அடிபட்டவர் அலறிக்கொண்டிருக்கும்போது அந்த ஸ்லைடு யாருக்கும் ஞாபகம் வராது. கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். எக்ஸ்ரே அறைக்குள் நோயாளி மட்டும்தான் வரலாம் என்று கணவரை நிறுத்திவிட்டு, தனியாக இருக்கும்போது கேட்பது. மொழி தெரியாத நோயாளி என்றால் உறவினரையே மொழிபெயர்க்க விடாமல் இருப்பது. நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுவது. அப்படி எழுதியதை வீட்டில் கணவர் பிரித்துப் படிக்கப்போகும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏற்றாமல் இருப்பது. உதவி எண்ணைக் கொடுக்கும் முன் "உங்க போனை வேற யாராவது எடுத்துப் பார்ப்பாங்களா?" என்று கேட்டுக்கொள்வது. சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒன்று பிசகினாலும் அடி அந்தப் பெண்ணுக்குத்தான் விழும்.

படிப்பில் எங்களை நோயாளியாகவும் செவிலியராகவும் நடிக்க வைத்துப் பழக்கினார்கள். செவிலியராக நடித்த ஒருவர், நல்ல மனதோடுதான், "ஏம்மா இன்னும் அவரோட இருக்கீங்க?" என்று கேட்டார். எதிரே நோயாளியாக உட்கார்ந்திருந்தவர் நடிப்பு என்பதையே மறந்துவிட்டார்போல, சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்க்க ஆரம்பித்தார். ஆசிரியை அங்கேயே நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்கச் சொன்னார். "வீட்டுக்குப் போக பயமா இருக்கா?" என்று கேட்டபோதுதான் பேச்சு நகர்ந்தது. இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். வாயில் வர ஒரு பருவமாவது ஆகும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எங்கள் வகுப்பில் செவிலியர்கள் மட்டும் இல்லை. ஒரு காவல் அதிகாரி, குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர், சமூகப் பணியாளர்கள் எல்லாரும் ஒரே மேசையில். ஒரே வழக்கின் கோப்பை எல்லாருக்கும் கொடுத்து, தனித்தனியாகக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். காவல் அதிகாரி எழுதியது: போனபோது ஆண் நிதானமாகப் பேசினார், பெண்தான் கத்தினார், இருவருக்கும் வாய்த்தகராறு. ஆசிரியர் கவனித்தது: அப்பாவோடு இருந்துவிட்டு வரும் குழந்தை மறுநாள் வகுப்பில் தூங்கிவிழுகிறது. வழக்கறிஞரின் கண் போனது: குழந்தையைக் கைமாற்றுவது பெண் புதிதாகக் குடியேறிய வீட்டு வாசலில் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்குப் பட்டது பழைய மருத்துவக் குறிப்பில் இருந்த தொண்டை வலி. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெண் பிரிந்து போகும் கட்டமும் அதற்கு அடுத்த மாதங்களும்தான் மிக ஆபத்தானவை என்பது எங்கள் எல்லாருக்கும் பாடமாகத் தெரியும். அந்தக் கோப்பில் அந்த ஆபத்து நான்கு துண்டாகச் சிதறிக் கிடந்தது.

வேல்ஸின் கார்டிஃப் நகரில் 2003லேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். உயிராபத்து அதிகம் உள்ள வழக்குகளுக்காகக் காவல் துறை, சுகாதாரத் துறை, வீட்டுவசதித் துறை, உதவி அமைப்புகள் என எல்லாரும் குறித்த நாளில் கூடி, தங்களிடம் உள்ள தகவலைச் சேர்த்துப் பார்த்துத் திட்டம் போடும் கூட்டம் அது. பிறகு பிரிட்டனில் பல ஊர்களுக்கும் பரவியது. கூட்டம் போட்டுவிடலாம், ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிய வேண்டுமே. அதற்குச் சேர்ந்து படித்திருந்தால் பெரிய வசதி. ஆபத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் கேள்விப் பட்டியல்களில் முன்னோடியான ஒன்றை 1980களில் உருவாக்கிய ஜாக்குலின் கேம்பெல் ஒரு செவிலியர். (இதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.) அந்தப் பட்டியலைக் காவல் அதிகாரியோடு உட்கார்ந்து நிரப்பிப் பார்த்த பிறகு, அவரிடம் போனில் 'ஆபத்து அதிகம்' என்று சொன்னால் என்ன சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயம் கோலோச்சும் வீட்டிலிருந்து வந்த இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமரசம் பேசுவதைப் புண்ணிய காரியமாக நினைப்பவர்கள் எங்கள் தொழில்களில் நிறைய. அந்த அறையில் அந்தப் பெண் வாய் திறந்து சொன்னதற்கு வீட்டில் பதில் கிடைக்கும். எப்போது சேர்த்துப் பேசக்கூடாது என்று கற்றுக்கொள்வதற்கே இந்தப் படிப்பு தகும்.

படித்தவர்கள் மட்டும் போதுமா என்றால், போதாது. லண்டனின் ஹாக்னியிலும் பிரிஸ்டலிலும் பொது மருத்துவர்களின் கிளினிக்குகளில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. 24 கிளினிக்குகளுக்குப் பயிற்சியும் கொடுத்து, நோயாளியை அனுப்பிவைக்க அறிமுகமான ஒரு குடும்ப வன்முறை ஆலோசகரையும் இணைத்தார்கள். இன்னொரு 24 கிளினிக்குகள் வழக்கம்போல நடந்தன. முதல் பிரிவிலிருந்து உதவிக்கு அனுப்பப்பட்டவர்கள் 223 பேர், இரண்டாவதிலிருந்து 12 பேர். அந்த ஆலோசகர் இல்லாமல் வெறும் பயிற்சி கொடுத்திருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கேட்டுவிட்டு, "சரி, இப்போ எங்க போவாங்க?" என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் பல செவிலியர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

ஆகவே நிர்வாகங்களிடம் நான் எதிர்பார்ப்பது இது. எல்லாருக்கும் ஒருநாள் வகுப்பு, நடக்கட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் அல்லது இருவரை முதுநிலைப் படிப்புக்கு அனுப்புங்கள். சொந்தக் காசில், சொந்த விடுப்பில் இல்லை, டியூட்டியாகக் கணக்கிட்டு. படித்து வந்தவரை அடுத்த மாதமே வேறு வார்டுக்கு மாற்றாதீர்கள். இது எங்கள் இடத்தில் கண்ணெதிரே நடப்பது. பட்டயத்துக்கு ஒரு பதவியும் பொறுப்பும் கொடுங்கள். மற்றவர்கள் சந்தேகம் வந்தால் கூப்பிட அவருடைய எண் சுவரில் இருக்கட்டும். அவருக்கும் மாதம் ஒருமுறையாவது மனம்விட்டுப் பேச ஒரு மூத்தவர் வேண்டும். இந்த வேலை தூக்கத்தைத் தின்றுவிடும். கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வன்முறையிலிருந்து மீண்டு வந்தவர்களைப் பாடம் எடுக்க அழைக்கிறீர்கள், நல்லது. மற்ற பேராசிரியர்களுக்குக் கொடுப்பதுபோல அவர்களுக்கும் சம்பளம் கொடுங்கள். வகுப்பில் மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள், பாடம் நடுவே எழுந்து போனால் ஏன் என்று கேட்காதீர்கள்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். நோயாளிகள் யாரும் தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிடக்கூடாது.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்