‘ஃபெரிட்டின் பார்த்தாச்சா?’ என்று கேட்டவர்களுக்கு

மகள் பிறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. அப்போதே எழுதியிருக்க வேண்டிய மடல். இப்போதும் அவள் தூங்குகிற இடைவெளியில்தான் எழுதுகிறேன், அங்கங்கே அறுந்து தொங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி பரிசோதனைக்கூடத்து அக்காவுக்கு. என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒன்பதாவது வாரம், ரிப்போர்ட் வாங்க வந்து நின்றேன். ஹீமோகுளோபின் 10.2. எனக்கு அது பழகிய எண்தான். 14 வயதிலிருந்தே அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள், நானும் விழுங்கினேன், எண் அசையவே இல்லை. ‘ஒழுங்காகப் போடுவதில்லை’ என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

நீங்கள் காகிதத்தை நீட்டுவதற்கு முன் சிவப்புப் பேனாவால் இரண்டு எண்களைச் சுழித்தீர்கள். எம்.சி.வி., அதாவது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன், 64. சிவப்பணு எண்ணிக்கை 5.2. “இரும்பு இல்லாம இப்படி ஆனா அணு எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும்மா. உங்களுக்கு அணு நிறைய இருக்கு, எல்லாம் பொடிசா இருக்கு. எம்.சி.வி.யை எண்ணிக்கையால வகுத்தா 13-க்குக் கீழ வருது. இது ஒரு குறிப்புதான், முடிவில்ல. டாக்டர்கிட்ட மறக்காம காட்டுங்க” என்றீர்கள். அரை நிமிடப் பேச்சு. இத்தனை வருடத்தில் யாரும் எனக்காகச் செலவழிக்காத அரை நிமிடம் அது.

அப்புறம் டாக்டர் அம்மா. மருந்துச் சீட்டை எடுக்காமல் “ஃபெரிட்டின் பார்த்தாச்சா?” என்று கேட்டீர்கள். அந்தச் சொல்லையே அன்றுதான் கேள்விப்பட்டேன். உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் கணக்கு. எனக்கு 74, இருப்பு தாராளமாகவே இருந்தது. ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2-வின் அளவு 5.2 சதவீதம், 3.5-ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டுமாம். பீட்டா தலசீமியா மைனர், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறைபாட்டின் லேசான வடிவம். அதாவது நான் ஒரு கடத்தி, அந்த மரபணுவைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவள்.

“களிமண் கிடங்கு நிறைய இருக்கு, செங்கல் அச்சுதான் சின்னது. மேல மேல மண்ணைக் கொட்டி என்ன பண்றது?” என்று நீங்கள் சொன்னதை இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உடம்பு ஒரு நாளைக்கு வெளியே விடுவது ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்புதான், மிஞ்சியதைத் தள்ள அதற்கு வேறு வழி கிடையாது என்றும் சொன்னீர்கள். நான் விழுங்கிய டப்பாக்களை நினைத்து வயிற்றைக் கலக்கியது. 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் மட்டும் எழுதி, அடுத்த நாளே கணவரை அழைத்துவரச் சொன்னீர்கள்.

என் கணவர் ஊசி என்றால் முகம் வெளுக்கிறவர். இருவரும் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டினார். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அவருக்கு ஏ2 அளவு 2.6. பயந்தது நடக்கவில்லை. நன்றிங்க.

அம்மாவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது யார் வழி என்று பார்க்க, 58 வயதில் அம்மாவும் சோதனை செய்துகொண்டார். அவரும் கடத்திதான். அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்னை ரத்தமில்லாதவன்னு எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா” என்றார். சொன்னவர்களில் நானும் உண்டு. சின்ன வயதில், என் சோகைக்குக் காரணம் அவர் என்னைச் சரியாகக் கவனிக்காததுதான் என்று கோபத்தில் கத்தியிருக்கிறேன். அம்மா, அன்று நீங்கள் பதில் சொல்லவில்லை. உங்களிடமும் பதில் இருந்திருக்காது.

கதை இத்தோடு முடியவில்லை. 26-வது வாரம் காய்ச்சல் வந்தது. ஹீமோகுளோபின் 8.9, ஃபெரிட்டின் 41. ‘கடத்திதானே, இப்படித்தான் இருக்கும், ஃபெரிட்டினும் பரவாயில்லை’ என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்று பணியில் இருந்த இளம் டாக்டர், பெயர்கூடக் கேட்க மறந்தேன், “காய்ச்சல்ல ஃபெரிட்டின் பொய்யா ஏறும், மூணு வாரம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்” என்று சீட்டின் ஓரத்தில் எழுதிக்கொடுத்தார். திரும்பப் பார்த்தபோது 12. கர்ப்பத்தில் 30-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்று கொள்கிறார்கள். ஆக, கடத்திக்கும் இரும்பு தீர்ந்துபோகும். மாத்திரையே ஆகாது என்று பிடிவாதமாக இருந்த எனக்கு இது நல்ல குட்டு.

ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு மாத்திரை. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. அத்தை இரண்டு டப்பாவையும் அலமாரியின் இரண்டு கோடியில் வைத்து, நடுவில் கடிகாரத்தை நிறுத்திவிட்டார். “இதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்கவே கூடாது” என்பார். மலச்சிக்கலில் நான் புலம்பிய புலம்பலைக் கேட்டவரும் அவர்தான், அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

34-வது வாரம் ஃபெரிட்டின் 36, ஹீமோகுளோபின் 9.6. கடத்தியின் உடம்பில் ஹீமோகுளோபின் அதற்கு மேல் பெரிதாக ஏறாது என்று இப்போது தெரியும் என்பதால் தூக்கம் வந்தது. பிரசவத்தன்று ரத்தம் தயாராக எடுத்து வைத்திருந்தார்கள், தேவைப்படவில்லை. அந்த அறையில் இருந்த செவிலியர் எல்லாருக்கும் நன்றி.

மகள் 2.9 கிலோ. அவளும் கடத்தியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறந்த குழந்தைக்கு ஏ2 அளவை நம்ப முடியாது, ஒரு வயதுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர் அம்மா. அதுவரை அவள் ஃபைலின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘தாய் தலசீமியா கடத்தி. எம்.சி.வி. குறைவாக இருந்தால் முதலில் ஃபெரிட்டின் பார்க்கவும்.’ சிவப்புப் பேனாவில்தான், அக்கா.