ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமான வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோருக்கும் வந்திருக்கும் இளைய உறுப்பினர்களுக்கும், கூட்டத்துக்கு வராமல் அறிக்கையை வீட்டிலேயே படித்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 10 கூட்டங்கள் நடந்தன. நடந்திருக்க வேண்டியவை 12. விட்டுப்போன இரண்டில் ஒன்றுக்கு நானே பொறுப்பு. தேதியை மாற்றிவிட்டு அதை முந்தின நாள் மாலைதான் தெரிவித்தேன். ஒரு வாரமாக அந்த நாளுக்கென்று மனத்தைத் தயார்படுத்தி வந்தவர்களிடம் ‘நாளை இல்லை, நாளை மறுநாள்’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பது இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. மாற்றிய நாளில் ஒருவரும் வரவில்லை. சரியாகத்தான் செய்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி அலமாரியைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது, பெற்றோருக்கான ஒரு கையேட்டின் ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்ததைக் கண்டேன். பல பக்கங்களில் ஒரே சொல்: ‘இல்லை’. கோபம் வந்தது. அழிப்பானைக் கையில் எடுத்தும்விட்டேன். ‘பேசுபவரின் கண்ணைப் பார்க்கப் பிள்ளையைப் பழக்குங்கள்’ என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் ‘இல்லை’க்குக் கீழே இன்னும் இரண்டு சொற்கள் இருந்தன: ‘பார்த்தால் கேட்காது.’ அழிப்பானைக் கீழே வைத்தேன். எழுதியவர் நம் 19 வயது உறுப்பினர். என் மகனை எத்தனை முறை ‘என்னைப் பார்த்துப் பேசு’ என்று அதட்டியிருப்பேன் என்று அன்று இரவு எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே சொல்லப்போவதில்லை. நம் புத்தகங்கள் ஒவ்வொன்றிலும் இப்போது நூலில் கட்டிய பென்சில் தொங்குகிறது. ஓரத்தில் எழுதலாம். பேனா மட்டும் கூடாது.

அலமாரியிலிருந்து நீக்கியவற்றைப் பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள். மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஆட்டிசம் என்ற பெயர் பரவலாயிற்று. அதன்பின் இருபது முப்பது ஆண்டுகள் பழி முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. தாய் பாசமில்லாமல் விறைப்பாக இருந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் இந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. அதற்கு மூன்றாண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் இதை மறுத்து ஒரு நூலே எழுதியிருந்தார். பெட்டல்ஹைமின் நூல் நம்மிடமும் ஒரு பிரதி இருந்தது. யாரோ நல்லெண்ணத்தில் கொடுத்தது. அதைக் கிழித்துப் போட வேண்டும் என்றார் மூத்த உறுப்பினரான ஓர் அம்மா. கிழிக்கவில்லை. பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. வரலாறு தெரிந்துகொள்ள விரும்புபவர் கேட்டு வாங்கலாம். புதிதாக வரும் பெற்றோர் கையில் தற்செயலாகக் கிடைக்கக் கூடாது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று சொல்லும் நூல்களுக்கு இழுப்பறையிலும் இடமில்லை. அந்தப் பேச்சுக்கு வித்திட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது. வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ‘முற்றிலும் குணமாக்குவோம்’ என்று அட்டையிலேயே வாக்குக் கொடுக்கும் புத்தகங்களையும் எடுத்துவிட்டோம். எடுத்ததில் வருத்தம் உள்ளவர்கள் என்னிடம் தனியாகப் பேசலாம். ஏற்கெனவே மூவர் பேசிவிட்டார்கள்.

காலியான இடத்தில், ஆட்டிசம் உள்ளவர்கள் தாமே எழுதியவற்றை முதல் தட்டில் வைத்தோம். டெம்பிள் கிராண்டினின் நூல்கள் (முதலாவது 1986, ‘திங்கிங் இன் பிக்சர்ஸ்’ 1995), டோனா வில்லியம்ஸின் 1992-ஆம் ஆண்டுத் தன்வரலாறு, லூக் ஜாக்சன் 13 வயதில் எழுதி 2002-இல் வெளியான நூல், எல் மக்நிகாலின் 2020-ஆம் ஆண்டுச் சிறுவர் நாவல் ஆகியவை அங்கே இருக்கின்றன. இவற்றில் அதிகம் வெளியே போய்வருவது பதின்மூன்று வயதுக்காரருடையது. பள்ளியில் சீண்டுபவர்களைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் அவ்வளவு நேரடியாக எழுதியதில்லை என்பது வாசகர் தீர்ப்பு. கிராண்டின் தன் சிந்தனை முழுவதும் படங்களாகவே ஓடுகிறது என்கிறார். ‘எனக்குப் படமே வராது, சொல்தான் வரும்’ என்று ஓர் உறுப்பினர் எழுதி ஒட்டியிருக்கிறார். எல்லாருக்கும் அப்படியில்லை என்று கிராண்டினே பின்னாளில் திருத்திக்கொண்டதால், இருவருக்கும் சண்டையில்லை.

தமிழில் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ நூலைத் தாத்தா பாட்டிகள் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள். தமிழில் இன்னும் நிறைய வேண்டும். இதையொட்டி ஒரு சொல் தகராறும் நடந்தது. ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லை நம் அறிவிப்புகளில் எழுதிவந்தோம். ‘என் மதி இறுகிப்போயிருக்கிறது என்று யார் சொன்னது?’ என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாததால் ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.

ஆண்டின் மிக நீண்ட கூட்டம், ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேர் 1993-இல் பெற்றோருக்கென எழுதிய கட்டுரையைப் பற்றியது. நீங்கள் எதிர்பார்த்திருந்த பிள்ளைக்காக அழுங்கள், ஆனால் அந்த அழுகையை எதிரில் நிற்கும் எங்கள் மேல் இறக்காதீர்கள் என்பது அதன் சாரம். படித்து முடித்ததும் ஒரு தந்தை, தான் அழுத நாள்கள் உண்மையானவை, அவற்றுக்காகத் தன்னைக் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்றார். அவருடைய மகள் அதே அறையில், காதுகளை மூடும் ஒலித்தடுப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் அந்தக் கட்டுரையை இரவல் எடுத்துச் சென்றது அந்த மகள்தான்.

ஜப்பானியச் சிறுவர் நவோகி ஹிகாஷிடாவின் பெயரில் 2007-இல் வெளிவந்து, 2013-இல் ஆங்கிலத்துக்குச் சென்ற நூலால் இரண்டு கூட்டங்கள் சூடாயின. அதில் உள்ள சொற்கள் எந்த அளவுக்கு அவருடையவை என்று கேட்பவர்கள் உலகெங்கும் உண்டு. அவருடையவையே என்று உறுதியாக நம்புபவர்களும் உண்டு. பேசாதவரின் கையை இன்னொருவர் பிடித்து எழுதவைக்கும் முறையை 1990-களில் சோதித்தபோது, வெளிவந்தவை கையைப் பிடித்தவரின் எண்ணங்களே என்று தெரியவந்தது. ஆகவே கேள்வி நியாயமானது. பேசாத பிள்ளைக்குள் பேச்சு இல்லை என்று முடிவுகட்டும் மனப்பான்மையும் ஆபத்தானது. நூல் அலமாரியில் இருக்கிறது, இரு தரப்பையும் சொல்லும் சீட்டோடு.

சீட்டு என்றதும் இன்னொன்று. கதையில் திடீரென்று என்ன வரும் என்று தெரியாமல் படிப்பது சிலருக்குத் தாங்க முடியாத வேலை. எனவே நாவல்களின் பின்னட்டை உட்புறத்தில், படித்தவர்களே எழுதிய எச்சரிக்கைச் சீட்டுகளை ஒட்டியுள்ளோம். மார்க் ஹாடனின் 2003-ஆம் ஆண்டு நாவலுக்கான சீட்டு: ‘தொடக்கத்திலேயே நாய் செத்துக் கிடக்கிறது. அப்பா கத்துகிறார். இதை எழுதியவர் தான் ஆட்டிச வல்லுநர் இல்லை என்று தானே சொல்லியிருக்கிறார்.’ எந்த மதிப்புரையும் இவ்வளவு பயன்பட்டதில்லை.

இரவல் விதி திருத்தப்பட்டது. ஒரு புத்தகத்தை மூன்று முறைக்குமேல் புதுப்பிக்கக் கூடாது என்று இருந்தது. 16 வயது உறுப்பினர் ஒருவர் ஒரே நிலப்படப் புத்தகத்தை ஆண்டு முழுவதும் வைத்திருந்தார். திருப்பிக் கேட்ட நாளில் நடந்ததை எழுத வேண்டியதில்லை. இரண்டாவது பிரதி வாங்கினோம், விதியை எடுத்தோம். ‘கதையே படிப்பதில்லை, உதிரிபாகப் பட்டியலைப் படிக்கிறான்’ என்று கவலைப்படும் பெற்றோருக்கு: அதுவும் வாசிப்புதான். மாறாக, மூன்று வயதில் செய்தித்தாளைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றுவிடவும் வேண்டாம். எழுத்தை ஒலியாக்குவது முந்திக்கொண்டு, பொருள் பின்தங்கும் நிலை உண்டு. என்ன புரிந்தது என்று படம் வரைந்தோ பொம்மை வைத்தோ பார்த்துக்கொள்ளுங்கள்.

கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதை முறையில் (ஒரு சூழலில் என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே விளக்கும் சிறு கதை), பெற்றோரே எழுதிப் பழகும் பயிற்சி நடந்தது. கட்டளை குறைவாகவும் விவரிப்பு அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. பல் மருத்துவரிடம் போவது பற்றி ஓர் அம்மா எழுதியதை அவருடைய மகன் திருத்தினார். ‘மருத்துவர் அன்பானவர்’ என்ற வரிக்கு எதிரே ‘பார்த்ததில்லை’ என்றும், ‘வலிக்காது’ என்பதற்கு எதிரே ‘பொய்’ என்றும் எழுதினார். மூன்றாம் வரைவில் நாற்காலி பின்னால் சாயும், விளக்கு கண்ணில் படும், இயந்திரம் சத்தமிடும், கையை உயர்த்தினால் நிறுத்துவார்கள் என்று வந்தது. கையை உயர்த்தினால் நிறுத்துவார்களா என்று மருத்துவரிடம் முதலில் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பிறகே மகன் அந்த வரியை ஏற்றார்.

குறைகள்: உடன்பிறந்தோருக்கு நல்ல நூல் இரண்டுதான் இருக்கின்றன. வயதுவந்தோரின் வேலை, நட்பு, உடல் மாற்றம் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிள்ளைகள் வளர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இத்தனை ஆண்டு புத்தகம் வாங்கியிருக்கிறோம். படிக்க இயலாதவர்களுக்கான ஒலிப்பதிவுகள் நான்கில் நின்றுவிட்டன. வாசிக்க முன்வந்தவர்கள் நாடகம்போல் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறார்கள், கேட்பவர்கள் அதை விரும்பவில்லை. சீராக, ஒரே குரலில் வாசிக்கக்கூடியவர்கள் பெயர் கொடுக்கவும்.

அறையின் மூலையில் இரைந்துகொண்டிருந்த குழல் விளக்கு மாற்றப்பட்டது. அது இரைகிறது என்று நம்மில் பலருக்கு இன்றுதான் தெரியும். சொன்னவருக்கும், ஏணியில் ஏறியவருக்கும், பென்சில்களுக்கு நூல் கட்டிய தாத்தாவுக்கும் நன்றி.

அடுத்த கூட்டத்தின் தேதி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அது மாறாது. அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்