பிஎச்சை விடு, முதலில் உப்பைப் பார்

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இனி நீ பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு வருகிறேன்.

பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.8-லேயே நிற்கிறது என்று இரண்டு பக்கம் வருந்தியிருக்கிறாய். எனக்கு அதைவிட நீ கடைசியில் குறித்திருந்த கால்சியம் 365 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1140 என்பவைதான் உறுத்தின. 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு, உப்புள்ள கடல்நீரில் கால்சியம் ஏறக்குறைய 412, மெக்னீசியம் 1290 இருக்கும். உன்னுடையவை இரண்டும் ஒரே விகிதத்தில், சுமார் 12 சதவீதம் குறைந்திருக்கின்றன. பவளம் மெக்னீசியத்தைக் கொஞ்சமாகத்தான் எடுக்கும், ஆகவே பவளம் உறிஞ்சியதால் வந்த குறை இப்படி இருக்காது. தண்ணீரே நீர்த்திருக்கிறது. உண்மையான உப்பு 31 பிபிடி பக்கம் இருக்க வேண்டும்.

ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டுகிறதே என்பாய். ஆர்.ஓ தண்ணீரை விட்டுப் பூஜ்ஜியத்தில் நிறுத்திய கருவி 35-ல் பிசகலாம். விற்பவற்றில் பல, சாதா உப்புக் கரைசலை அளக்கச் செய்தவை. கடல்நீரில் கூடுதலாகவே காட்டும். ஒரு டிஜிட்டல் தராசில் 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் ஆர்.ஓ தண்ணீரில் கரை. ஒளிவிலகலில் இது 35 பிபிடி கடல்நீருக்குச் சமம். அதில் இரண்டு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, கருவியின் திருகாணியைத் திருப்பி 35-ல் நிறுத்து. பிறகு தொட்டி நீரைப் பார்.

நான் சொன்னபடி 31 வந்தால் பதறி உப்பைக் கொட்டாதே. பாறை, மணல் போக உன்னிடம் இருப்பது 250 லிட்டர். 4 பிபிடி ஏற்றச் சுமார் ஒரு கிலோ கடல் உப்புக் கலவை (சமையல் உப்பு அல்ல) வேண்டும். தினமும் ஆவியாகும் 4 லிட்டருக்கு நன்னீர் ஊற்றாமல் அந்தக் கலவையில் கரைத்த 35 பிபிடி உப்புநீரை ஊற்று. ஒரு வாரத்தில் தானே ஏறிவிடும், கால்சியமும் மெக்னீசியமும் கூடவே வரும். அதன் பிறகு மறக்காமல் நன்னீருக்குத் திரும்பிவிடு.

பம்ப் விசிறியில் வெள்ளையாகப் படிவதும் இதோடு சேர்ந்ததுதான். சுண்ணாம்புப் படிகம் வளர்வதைத் தடுப்பது மெக்னீசியம். அது குறைந்திருக்கும் வேளையில் பிஎச்சுக்காகப் பஃபர் பொடி என்ற கார்பனேட் பொடி போட்டு, அல்கலினிட்டியை, அதாவது நீரில் உள்ள கார்பனேட் இருப்பை, 11 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) வரை தூக்கினாய். மூன்றே நாளில் 7-க்கு விழுந்தது. நீ போட்டதில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகவில்லை, பம்பில் கல்லாகிவிட்டது. பவள நுனிகள் வெளுத்ததற்கும் இந்த ஏற்ற இறக்கமே காரணம் என்று நினைக்கிறேன். 8-ல் நிலையாக இருக்கும் தொட்டி, 7-க்கும் 11-க்கும் அலையும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணிநேரம் ஊறவை, படிந்தது கரைந்துவிடும்.

உப்பு சரியானதும், எதுவும் போடாமல் இரண்டு நாள் ஒரே நேரத்தில் அல்கலினிட்டி பார். நாளுக்கு 0.8 இறங்கினால் உன் தொட்டிக்குத் தினம் 6 கிராம் ஆப்ப சோடா. அதற்கு ஈடான கால்சியத்துக்கு டைஹைட்ரேட் கால்சியம் குளோரைடு 5 கிராம் போதும். பவளம் 2.8 டிகேஎச் எடுக்கும்போது 20 பிபிஎம் கால்சியம் எடுக்கும் என்பதுதான் இந்தக் கணக்கின் அடி. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில், சில மணிநேர இடைவெளி விட்டு ஊற்று. சேர்த்து ஊற்றினால் அங்கேயே பால் போல் திரிந்துவிடும்.

பிஎச்சுக்கு வருகிறேன். ஒரு குவளைத் தொட்டி நீரை வராந்தாவில் வைத்து, ஏர் பம்பால் ஒரு மணிநேரம் குமிழி விட்டு அளந்து பார். 8.1, 8.2 என்று ஏறினால் குறை தண்ணீரில் இல்லை. கதவடைத்து ஏசி போட்டு நால்வர் தூங்கும் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கரியமிலவாயு தேங்கும், அது தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்கும். ஸ்கிம்மரின் (குமிழியால் கழிவை நீக்கும் கருவியின்) காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடு. அதுவும் போதாவிட்டால் ஆப்ப சோடாவைக் குறைத்துவிட்டு, ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரை இரவில் சொட்டுச் சொட்டாக விடலாம். ஆனால் லிட்டருக்கு 1.5 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீர் 4 லிட்டர் போனால் உன் தொட்டியில் அல்கலினிட்டி 1.8 டிகேஎச் கூடும். ஆகவே கால் பங்கு பலத்தில் தொடங்கு. மொத்தமாக மட்டும் ஊற்றிவிடாதே.

இன்னொன்று. சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமைன் உண்டு. உன் ஆர்.ஓ கருவியின் கார்பன் வடிகட்டி அதை உடைத்தால் அமோனியா மிஞ்சும்; அதைப் பிடிப்பது கடைசியில் இருக்கும் டி.ஐ ரெசின் (அயனிகளைப் பிடிக்கும் மணிகள்). கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியம் காட்டுவதை வைத்துக் கார்பன் நன்றாக இருக்கிறது என்று எண்ணாதே, குளோரின் அந்த மீட்டருக்குத் தெரியாது. வடிகட்டிய நீரில் மொத்த குளோரின் சோதனை செய்து, துளி நிறம் வந்தாலும் கார்பனை மாற்று.

36.5 கிராம் கரைசலில் கருவி முதலில் என்ன காட்டியது என்பதைத் திருகாணியைத் தொடுவதற்கு முன் குறித்து எழுது.

அன்புடன்,
சேகர்
பினாங்கு