கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள், டீச்சர்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். முதல் முறையாக மூன்றாம் வகுப்பை எடுக்கப் போகிறீர்கள். முப்பத்தைந்து பிள்ளைகள். அவர்களுக்கு வாசிப்பில் ஆசை வர என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: தினமும் ஒரு கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள்.

முதல் பாதியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது பாதியில்தான் கை தடுமாறும். "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?" என்று கேட்காமல் புத்தகத்தை மூடினால், வேலையை அரைகுறையாக விட்டதுபோல இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டால், சில வாரங்களில் பிள்ளைகள் கதையைக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பதிலைத் தேட ஆரம்பிப்பார்கள். பதிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. "பொய் சொல்லக் கூடாது", "ஒற்றுமையா இருக்கணும்" என்று கதையைக் கேட்காமலே சொல்லிவிடலாம். தன்னை எழுப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிற பிள்ளை முதல் வரியிலிருந்தே பயத்தில் இருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கதை இன்னொரு பாடமாகிப் போகும்.

அதற்குப் பதில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். யாராவது பேசுவார்கள். பேசாவிட்டாலும் ஒன்றும் குறையாது. அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

கதையைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், இருபது நிமிடம் அதற்கென்று ஒதுக்குங்கள். இங்கிலாந்து எழுத்தாளர் எய்டன் சேம்பர்ஸ் இதற்கு எளிய வழி ஒன்றை வகுத்துத் தந்திருக்கிறார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புதிராக இருந்தது, எந்த விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. இந்த நான்கையும் போர்டில் நான்கு பத்திகளாகப் போட்டு, பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போகலாம். மூன்றாவது பத்திதான் புதையல். "அந்தப் பாட்டி ஏன் கதவைத் திறக்கல?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். வகுப்பிடமே தள்ளிவிடுங்கள். "ஏன் பிடிச்சது?" என்ற கேள்வியையும் தவிர்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு "ஏன்" என்றாலே விசாரணை போலத்தான் காதில் விழும். "அதைப் பத்திச் சொல்லு, கேக்கிறேன்" என்றால் வாய் திறக்கும்.

இனி வாசித்துக் காட்டுவதற்கு வருகிறேன். பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் போதும், ஆனால் நேரம் மாறக் கூடாது. கடைசி பீரியட் வேண்டாம். அறிவிப்பு, பை கட்டுதல், வீட்டுப்பாடம் என்று கதை நேரத்தை ஏதாவது ஒன்று விழுங்கிவிடும். மதிய இடைவேளை முடிந்து உள்ளே வந்த உடனே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தரையில் அரைவட்டமாக, கடைசிப் பிள்ளை மூன்று மீட்டருக்குள் இருக்கும்படி நெருக்கமாக உட்கார வையுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. இருந்தால் வெளிச்சம் பிள்ளைகள் கண்ணில் அடிக்கும், படம் இருண்டு தெரியும். புத்தகத்தை மார்புக்குப் பக்கவாட்டில், பக்கம் அவர்களைப் பார்க்கும்படி பிடித்து, படத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். காட்டும்போது வாசிக்க வேண்டாம், வாசிக்கும்போது காட்ட வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஓரத்தில் இருப்பவர்கள் "தெரியல, தெரியல" என்று எழுந்துவிடுவார்கள்.

எந்தப் புத்தகமானாலும் முந்தின நாளே ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிடுங்கள். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த வரியில் நாக்கு குழறும் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். பெரும்பாலும் எல்லோரும் வேகமாகத்தான் வாசிக்கிறோம். உங்களுக்கு மெதுவாகத் தோன்றும் வேகம் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். தொடர்கதையாக நீளும் புத்தகமென்றால் அத்தியாய முடிவில் நிறுத்த வேண்டாம். கதவு தட்டப்படுகிற இடத்தில் நிறுத்துங்கள், திறந்த பிறகு நிறுத்தாதீர்கள்.

தமிழில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. அதை ஆசிரியர்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். "போயிட்டாங்க" என்று பேசி வளர்ந்த பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் "போய்விட்டார்கள்" என்று இருக்கிறது. தன்னைச் சுற்றி யாருமே பேசாத ஒரு தமிழை அது எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வாசித்துக் காட்டும் கதைதான் இந்த இரண்டு தமிழுக்கும் நடுவே பாலம். "போய்விட்டார்கள்" என்பதைப் பிரியமான ஒரு குரலில் நூறு முறை கேட்டுவிட்ட காதுக்கு, அது அச்சில் அந்நியமாகத் தெரியாது. அதனால் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று இரக்கப்பட்டு, புத்தகம் முழுவதையும் பேச்சுத்தமிழாக மாற்றி வாசித்துவிடாதீர்கள். நல்ல மனதோடு செய்யும் தவறு இது. பக்கத்தைக் கண்ணால் தொடர்ந்து வரும் பிள்ளை உங்கள் குரலைத் தவறவிட்டுவிடும். அச்சில் இருக்கும் சொல் நாளைக்கும் அதே சொல்லாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் காணும். கையில் புத்தகம் இருந்தால் புத்தகத்தின் தமிழ். புத்தகம் இல்லாமல் கதை சொன்னால் வாயின் தமிழ், "ஒரு ஊர்ல" என்று ஆரம்பித்து, பிள்ளைகள் உம் கொட்டக் கொட்ட. கதைக்குள் வரும் உரையாடல் பேச்சுத்தமிழில் அச்சாகியிருந்தால் அதையும் அப்படியே வாசியுங்கள், திருத்த வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை என்று தோன்றும். அவர்களைப் பற்றி முடிவுகட்டுவதற்கு முன்னால், அவர்களால் தடங்கலின்றி வாசிக்க முடிகிறதா என்று தனியாகக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கவைத்துப் பாருங்கள். 247 எழுத்தையும் தனித்தனியாகக் காட்டினால் சரியாகச் சொல்லும் பிள்ளை வாக்கியத்தில் திணறும். கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, அதன் ஒலி எழுத்துக்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே நீண்ட கூட்டுச் சொற்கள். "எடுத்துக்கொண்டிருந்தபோது" என்பதில் பதின்மூன்று எழுத்து. வால் வருவதற்குள் தலை மறந்துபோகும். இது தெரியாத சொல்லே இல்லை, சேர்ந்து நிற்பதால் தெரியாததுபோல மிரட்டுகிறது. போர்டில் எழுதி எடுத்துக்கொண்டு, இருந்த, போது என்று பிரித்துக் காட்டினால் "ஓ, இதுவா" என்பார்கள். நாளுக்கு இப்படி இரண்டு சொல் போதும். ர, ற குழப்பத்தையும் ல, ள, ழ குழப்பத்தையும் வாசிக்கும் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். அதற்கென்று வேறு நேரம் இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் உதவுவது, போன வாரம் நீங்கள் வாசித்துக் காட்டிய அதே புத்தகம். கதை தெரியும், முடிவு தெரியும், உங்கள் குரல் காதில் இருக்கிறது. எழுத்து தானாக வழிவிடும். வாசித்த புத்தகத்தை அன்று மாலையே புத்தக மூலையில் வைத்துவிடுங்கள். அதற்குத்தான் அடிதடி நடக்கும்.

ஒவ்வொருவராக எழுந்து ஒரு பத்தி வாசிக்கும் பழைய முறையை விட்டுவிடலாம். தன் முறை எந்தப் பத்தி என்று எண்ணி, அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். மற்ற பத்திகள் யார் காதிலும் விழாது. திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளைக்கோ வகுப்பு முன்னால் அவமானம். இணையாக வாசிக்கவையுங்கள். முதல் மாணவனையும் கடைசி மாணவனையும் ஜோடி சேர்த்தால் ஒருவனே எல்லாவற்றையும் வாசித்துவிடுவான். சரளத்தின்படி மனதுக்குள் வரிசைப்படுத்தி, ஒன்றாவது பிள்ளையைப் பதினெட்டாவதோடு, இரண்டாவதைப் பத்தொன்பதாவதோடு என்று சேருங்கள். முப்பத்தைந்தாவது பிள்ளை கடைசி ஜோடியோடு மூன்றாவதாகச் சேரட்டும். ஒருவர் ஒரு பக்கம் வாசிக்க, மற்றவர் விரல் வைத்துத் தொடர வேண்டும். எட்டு நிமிடம். அந்த வரிசைப் பட்டியலை யாரும் பார்க்கும்படி விட்டுவைக்காதீர்கள்.

புத்தக மூலைக்கு ஆளுக்கு இரண்டு வீதம் எழுபது புத்தகம் இருந்தால் நல்லது. எழுபதையும் ஒன்றாகப் பரப்ப வேண்டாம். இருபதை மட்டும் அட்டை முன்னால் தெரியும்படி, பிள்ளைகளின் மார்பு உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கிய புத்தகத்தை இந்த வயதில் யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை மாற்றுங்கள். கதைதான் என்றில்லை, விடுகதை, படக்கதை, பூச்சிகளைப் பற்றியும் இயந்திரங்களைப் பற்றியும் பேசும் புத்தகங்கள், சொல்லே இல்லாத படப் புத்தகங்கள் எல்லாம் இருக்கட்டும். கதை பிடிக்காத, ஆனால் டைனோசர் என்றால் உயிரைவிடும் பிள்ளைகளும் வாசகர்கள்தான். ஒரே புத்தகத்தைப் பத்தாவது முறையாக எடுக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

புத்தகம் கிழியும். கிழியட்டும். எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பீரோவுக்குள் பூட்டி வைத்த புத்தகம் ஆண்டு முடிவில் கணக்குக் காட்ட மட்டும் உதவும். ஒரு அட்டைப்பெட்டியில் பசை, மெல்லிய தாள், கத்தரிக்கோல் போட்டு வையுங்கள். கிழித்த பிள்ளையே உட்கார்ந்து ஒட்டட்டும், திட்டு வேண்டாம். திட்டு விழுந்த பிள்ளை புத்தகத்தைத் தொடவே யோசிக்கும்.

எந்தப் புத்தகம் தனக்குச் சரியானது என்று பிள்ளைக்கே பார்க்கத் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தடுக்கிய சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். நூறு சொல் இருக்கும் பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் கொஞ்சநாள் காத்திருக்கலாம். நாற்பது, ஐம்பது சொல்தான் என்றால் மூன்று விரலே கணக்கு. இது பிள்ளைக்கான கருவி. அடம்பிடித்து எடுத்தால் கொடுத்துவிடுங்கள். பாதியில் திருப்பிக் கொடுத்தாலும் காரணம் கேட்காதீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். புத்தகத்தை முடிக்காமல் விடுவதும் அதில் ஒன்று.

அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு, சுவரில் நட்சத்திர அட்டவணை என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட சிறு குழந்தைகளிடம் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னால் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துபோயிருந்தது. அட்டவணை வந்தால் பிள்ளைகள் மெலிந்த புத்தகமாகத் தேடுவார்கள். ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளையின் வெற்றுக் கட்டம் தினமும் சுவரில் தொங்கும்.

கதை கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் சொல்லும் கதையும் வேண்டும். சிகாகோவில் மழலையர் ஆசிரியராக இருந்த விவியன் பேலியின் முறையை மூன்றாம் வகுப்பிலும் தாராளமாகச் செய்யலாம். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். "அப்பறம் அது ஓடிப்போச்சு" என்றால் அப்படியே எழுதுங்கள், "ஓடிவிட்டது" ஆக்காதீர்கள். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டி, மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். அன்றைக்கே வகுப்பு நடுவில் அதை நடிக்க வேண்டும். நீங்கள் வாசிக்க, கதை சொன்ன பிள்ளை தனக்கு வேண்டிய வேடத்தை எடுத்துக்கொள்ளும். மற்ற வேடங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி. இல்லாவிட்டால் ராஜா வேடம் எப்போதும் அதே இரண்டு பேருக்குத்தான் போகும். உடை, பொருள் எதுவும் வேண்டாம். நாளுக்கு இரண்டு பிள்ளை என்றால் பதினெட்டு பள்ளி நாளில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும்.

"எனக்குக் கதை தெரியாது டீச்சர்" என்கிற பிள்ளைக்கு இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரோதாரியின் விளையாட்டு கை கொடுக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொல். ஒருவர் யானை என்று சீட்டில் எழுத, அதைப் பார்க்காமல் இன்னொருவர் சீப்பு என்று எழுதட்டும். நம் வேற்றுமை உருபுகள் இதற்கென்றே செய்தவைபோல வந்து உட்காரும். யானையின் சீப்பு, யானைக்குச் சீப்பு, சீப்பில் யானை, சீப்பால் யானையை, சீப்போடு யானை. ஒவ்வொன்றும் வேறு கதை. "சீப்பில் யானையா, எப்படி?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அங்கே கதை பிறந்துவிடும்.

வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்புங்கள். தினமும் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள், தடுக்கினால் ஐந்து எண்ணிவிட்டுச் சொல்லைச் சொல்லிக்கொடுங்கள், திட்ட வேண்டாம். மூன்று வரி போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் இதை நேரில் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்டுவதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. அவர்களிடம் இருக்கும் கதைகளைப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள், மறுநாள் அதை வகுப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள் கதை நடக்கும்போது இரண்டு மூன்று பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருவன் பென்சிலை உருட்டிக்கொண்டிருப்பான். நிறுத்தி "கவனி" என்று சொல்ல வேண்டாம். குரலைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு வாசித்துக்கொண்டே போங்கள். முதல் கதைக்குச் சிறியதாக, சிரிப்பு வருகிறதாக, ஒரே வரி நான்கைந்து முறை திரும்பி வருகிற புத்தகமாக எடுங்கள். மூன்றாவது முறை அந்த வரி வரும்போது நீங்கள் பாதியில் நிறுத்தினால் மீதியை வகுப்பே சொல்லும்.

அன்புடன்,
உங்களைப் போலவே பிள்ளைகளை நேசிக்கும் ஒருவர்